நடமாடும் திரையில் கதிஜா ஷோ: வன்னியில் இயங்கும் ஒரு காட்சிச் சேவை பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சியிலிருந்து ஒரு வான் வண்டியில் திரை, புரொஜெக்டர், இரண்டு ஒலிபெருக்கிகள், சிறியதொரு ஜெனரேற்றர் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு, வன்னியின் உட்கிராமங்களுக்குச் சென்று, விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையை ஒரு மாலைப்பொழுதில் தமிழில் சொல்லிக் காட்டுகின்ற சேவையொன்றைச் சில இளைஞர்களும் யுவதிகளும் சேர்ந்து நடத்தி வருகின்றனர். ஒட்டுசுட்டான் பக்கத்திலுள்ள எமது கிராமத்தில் பெண்பிள்ளைகளுக்கான உதைபந்தாட்ட அணியைக் கொண்டு நடத்துவதில் பங்குள்ளவன் என்ற முறையில், அந்தச் சேவையை ஒரு மாலைக்கு வாடகைக்கு அமர்த்தினோம். அவர்களிடம் உள்ள வாழ்க்கைகளுள் நாம் தெரிவு செய்தது ஜமெய்க்கா மகளிர் தேசிய அணியின் முன்கள வீராங்கனை கதிஜா ஷோவின் வாழ்க்கை. இவ்வாறான நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்ய நினைக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் பயன்படும் என்பதாலேயே இதனை விரிவாக எழுதுகிறேன்.

கட்டணம் 18,000 ரூபா. போக்குவரத்தும் அதற்குள் அடங்கும். மின்சாரம் இருந்தால் நாம் கொடுக்க வேண்டும், இல்லையேல் அவர்களுடைய ஜெனரேற்றர் ஓடும், எரிபொருட் செலவு நம்முடையது. பாய், கதிரை, தேநீர் எல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணித்தியால நிகழ்ச்சியில் படங்களும் சிறு காணொளித் துண்டுகளும் மாறி மாறி வருகின்றன. அவற்றுக்கு இடையே ஒரு யுவதி ஒலிவாங்கியுடன் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைச் சொல்கிறார். பதிவுசெய்த குரல் அல்ல, நேரடியாகவே சொல்கிறார் என்பதுதான் இச்சேவையின் பெரிய பலம். பிள்ளைகள் இடையில் கேள்வி கேட்டால் காணொளியை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறார், பதிலுக்குத் தானும் கேட்கிறார்.

கதை 1997 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதி, ஜமெய்க்காவின் ஸ்பானிஷ் டவுனில் தொடங்குகிறது. பதின்மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் கடைக்குட்டி. தகப்பன் சப்பாத்துத் தைப்பவர், தாய் கோழி வளர்ப்பவர். பந்தை உதைக்கப் பழக்கியவர் அண்ணன்மாரில் ஒருவர். கரட் என்றால் உயிரை விடும் தங்கைக்கு ‘பனி’, அதாவது முயற்குட்டி என்று செல்லப்பெயர் வைத்தவரும் அவரே. இன்றுவரை உலகம் அவரை பனி ஷோ என்றே அழைக்கிறது. பெண்பிள்ளை பந்து விளையாடுவதைத் தாய் முதலில் விரும்பவில்லை என்று சொன்னபோது எமது அணிப் பிள்ளைகள் சிலர் திரும்பித் தத்தம் தாய்மாரைப் பார்த்ததை நான் கண்டேன். இந்தப் பகுதியை நிகழ்ச்சி நடத்துனர் இழுக்கவில்லை; பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிட்டு, பதினான்கு வயதிலேயே 15, 17, 20 வயதுக்குட்பட்ட தேசிய அணிகள் மூன்றிலும் அந்தப் பிள்ளை இடம்பிடித்ததற்கு நகர்ந்துவிட்டார்.

அடுத்து வந்த அமெரிக்கப் படிப்புப் பகுதியில்தான் நிகழ்ச்சி உண்மையில் உயிர் பெற்றது. ஷோ முதலில் புளோரிடாவிலுள்ள ஈஸ்டர்ன் புளோரிடா ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து 2017 இல் டென்னசிப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். தொடர்பாடல் துறையில் பட்டம் பெற்றார், 2018 இல் தாம் ஆடிய பல்கலைக்கழகப் போட்டித் தொடரின் சிறந்த தாக்குதல் வீராங்கனையாகவும் தெரிவானார். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையில் பாயில் இருந்த ஒரு தாய், “பிள்ளை, அவவுக்குப் படிக்கிற காசு ஆர் கட்டினது?” என்று கேட்டார். நடத்துனர் படத்தை நிறுத்தினார். விளையாட்டுத் திறமைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் புலமைப்பரிசில் என்றால் என்ன, அதில் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு என்பன எவ்வாறு உள்ளடங்கும், அதற்குப் பந்தாட்டம் மட்டும் போதாது, பாடசாலைப் பெறுபேறும் வேண்டும் என்பனவற்றை அவர் நிதானமாக விளக்கினார். விளக்கம் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டது. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், எமது பிள்ளைகளுக்கு வெற்றியாளரின் கதையைச் சொல்பவர்கள் பலர். அந்த வெற்றிக்கு எந்தக் கட்டத்தில் யார் பணம் கொடுத்தார்கள் என்பதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

ஜமெய்க்கா மகளிர் அணியின் கதையும் அதே கணக்கை இன்னும் விரிவாகச் சொன்னது. பணமில்லை என்ற காரணத்தினால் 2010 அளவில் அந்நாட்டின் மகளிர் அணித் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆட்டங்களே இல்லாமற்போனதால் உலகத் தரவரிசையிலிருந்தும் அணி விழுந்தது. 2014 இல், பாடசாலையிலிருந்து மகன் கொண்டுவந்த, அணிக்கு நிதி கேட்கும் ஒரு துண்டுப்பிரசுரம் புகழ்பெற்ற ஜமெய்க்கப் பாடகர் பொப் மார்லியின் மகள் செடெல்லா மார்லியின் கைக்குக் கிடைத்தது. நாட்டுக்கு ஒரு மகளிர் அணி இருந்ததையும் அது நின்றுபோனதையும் அவர் அப்போதுதான் அறிந்தார். அவருடைய முயற்சியால் அணி மறுபடியும் எழுந்தது. 2016 ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறத் தவறியதும் திரும்பவும் நின்றது. பிறகு மீண்டும் எழுந்தது. 2018 ஒக்டோபரில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பனாமாவுடன் 2-2 என்று சமநிலையில் முடிந்த ஆட்டத்தைத் தண்டனை உதைகளில் 4-2 என்று வென்று, மகளிர் உலகக் கிண்ணத்துக்குச் செல்லும் முதலாவது கரீபியன் நாடு என்ற இடத்தை அந்த அணி பெற்றது. அத்தகுதிச் சுற்றில் ஷோ மட்டும் 19 கோல்கள் போட்டார். அணியின் பயிற்றுநர் ஹியூ மென்சிஸ் சம்பளம் வாங்காமலே வேலை செய்தவர் என்பதையும் நடத்துனர் விட்டுவிடவில்லை.

இவ்வளவையும் சொல்வதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முறை பாராட்டத்தக்கது. திரையின் ஒரு பக்கத்தில் 2010 முதல் 2019 வரையான ஆண்டுகள் வரிசையாக நிற்கின்றன. அணி இயங்கிய ஆண்டுகளில் பச்சை, நின்ற ஆண்டுகளில் சாம்பல் நிறம். அதே வரிசையின் கீழே ஷோவின் வயது ஓடுகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை இளையோர் அணிகளில் ஆடிக்கொண்டிருக்கும்போது மேலே நாட்டின் முதன்மை அணி சாம்பலாக நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போது, அந்தப் பிள்ளை எதை நம்பிப் பயிற்சிக்குப் போனாள் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. எமது அணியில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை அதைக் கேட்கவும் செய்தாள்.

இனி, எனக்கு முழு உடன்பாடில்லாத பகுதிக்கு வருகிறேன்.

ஷோ தம்முடைய சகோதரர்களில் நால்வரை இழந்தவர். மூவர் ஆயுத வன்முறைக்குப் பலியானார்கள், ஒருவர் வாகன விபத்தில் இறந்தார். மருமக்கள் இருவரையும் இழந்தார். அவற்றுள் சில மரணங்கள் அவர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நிகழ்ந்தன. இதை வன்னியில் ஒரு திரையில் காட்டுவதென்றால் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே பாயில் இருந்தவர்களில் அண்ணனையோ தம்பியையோ பிள்ளையையோ 2009 க்கு முன்பும் 2009 இலும் இழக்காத வீடு அரிது; பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்களாயினும், வீட்டுச் சுவரில் மாலை போட்ட படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். நிகழ்ச்சி நடத்துபவர்கள் இதனை அறிந்தே இருக்கிறார்கள். அப்பகுதி வருவதற்கு முன் நடத்துனர் திரையை வெறுமையாக்கிவிட்டு, அடுத்ததாகச் சாவைப் பற்றிச் சொல்லப்போகிறேன், எழுந்து போக விரும்புபவர்கள் தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று சாதாரணக் குரலில் சொன்னார். மூன்று நான்கு பேர் எழுந்து போனார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரத்தமும் துப்பாக்கியும் உள்ள படம் ஒன்றுகூட இல்லை. சோக இசை இல்லை. நடந்ததைச் சில வாக்கியங்களில் சொல்லி முடித்தார். இந்த அளவுக்குப் பண்பாக இதைச் செய்தவர்களை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ஆனால் அதன் முடிவில், திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது: துயரமே அவரை உலக வீராங்கனையாக்கியது என்பது அதன் கருத்து. இந்த வரி நீக்கப்பட வேண்டும் என்று நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களிடமே நேரில் சொன்னேன். இங்கேயும் காரணத்துடன் சொல்கிறேன். அதற்கு முன்பு ஒரு மணித்தியாலமாக அவர்களே காட்டிய உண்மைக்கு அது முரணானது. ஷோவை உருவாக்கியவை பந்து பழக்கிய ஒரு அண்ணன், கட்டணம் கொடுத்த கல்லூரிகள், மீண்டும் எழுப்பப்பட்ட ஒரு தேசிய அணி, சம்பளமில்லாமல் நின்ற பயிற்றுநர், இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய சொந்தத் திறமையும் உழைப்பும். சகோதரர்களின் சாவு அவரிடமிருந்து எடுத்ததே தவிர எதையும் கொடுக்கவில்லை. அவ்வளவையும் இழந்த பிறகும் அவர் ஆடினார் என்பது உண்மை. இழந்ததனால் ஆடினார் என்பது கதைக்கு வசதியான ஒரு கற்பனை. துன்பப்பட்டால் முன்னேறலாம் என்று எமது பிள்ளைகளுக்கு மேடைமேடையாகச் சொல்லப்படுகிறது. அளவுக்கு மேல் துன்பம் கண்ட இந்த மண்ணில், அது உண்மையாக இருந்திருந்தால் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு உலக வீராங்கனை இருந்திருக்க வேண்டும். எமது மைதானத்தில் இல்லாதது துன்பம் அல்ல. கோல் கம்பத்துக்கு வலையும், மாலையில் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு வாகனமும், பெண்பிள்ளைகளுக்கான போட்டிகளுமே. நடத்துபவர்கள் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மாற்றுவார்கள் என்று நம்புகிறேன்.

உலகக் கிண்ணப் பகுதியில் அவர்கள் காட்டிய நேர்மை இந்தக் குறையைப் பெரிதும் ஈடுசெய்தது. 2019 இல் பிரான்சில் ஜமெய்க்கா பிரேசிலிடம் 3-0, இத்தாலியிடம் 5-0, அவுஸ்திரேலியாவிடம் 4-1 என்று மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அணியின் ஒரே கோலை ஹவானா சொலோன் போட்டார், ஷோ அல்ல. 2023 உலகக் கிண்ணத்திலும் ஷோ கோல் போடவில்லை. ஜமெய்க்காவுக்காக ஆண், பெண் இருபாலாரிலும் அதிக கோல்கள் போட்ட ஒருவர், இரண்டு உலகக் கிண்ணங்களில் ஒரு கோல்கூடப் போடவில்லை என்பதை வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள். இவர்கள் அதை எடுத்து நடுவில் வைத்தார்கள்.

2023 போட்டிக்கு முன்பு, பயண ஏற்பாடு, தங்குமிடம், உணவு, கொடுப்பனவு ஆகியவற்றில் உள்ள குறைகளைச் சுட்டி ஜமெய்க்கா வீராங்கனைகள் தமது உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வீராங்கனை ஒருவரின் தாய் இணையத்தில் நிதி திரட்டினார். அப்படிப்பட்ட நிலையில் அவுஸ்திரேலியா சென்ற அணி, சிட்னியில் பிரான்சுடன் முதல் ஆட்டத்தை 0-0 என்று முடித்தது. ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் ஷோ இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். அந்தச் சிவப்பு அட்டை திரையில் தெரிந்ததும் நடத்துனர் படத்தை நிறுத்தி, “பிள்ளையள், அடுத்த ஆட்டத்தில இவ இல்லை. இனி ஆர் கோல் போடுறது?” என்று கேட்டார். எமது அணிப் பிள்ளைகள் முன்கள வீராங்கனைகளின் இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு காணொளி ஓடியது: பேர்த் நகரில் பனாமாவுக்கு எதிராக, மூலை உதையிலிருந்து வந்த பந்தைப் பின்கள வீராங்கனை அலிசன் ஸ்வாபி தலையால் முட்டிக் கோலாக்கினார். 1-0. உலகக் கிண்ணத்தில் ஜமெய்க்கா மகளிரின் முதல் வெற்றி, தமது மிகச் சிறந்த வீராங்கனை களத்தில் இல்லாதபோது கிடைத்தது. எமது அணியின் பின்களத்தில் ஆடும், பொதுவாக வாய் திறக்காத பிள்ளையொருத்தி, “பாத்தியளோ” என்று பக்கத்திலிருந்தவளின் தோளில் தட்டினாள். பிறகு பிரேசிலுடன் 0-0. குழுநிலையில் ஒரு கோலும் வாங்காமல் ஜமெய்க்கா கடைசிப் பதினாறு அணிகளுள் சென்றது. அங்கே கொலம்பியாவிடம் 1-0 என்று தோற்றது. இந்த இருபத்தைந்து நிமிடங்கள்தான் பயிற்சி என்ற வகையில் பிள்ளைகளுக்கு அதிகம் கொடுத்தவை. அணிக்காரர்கள் யாராவது இந்நிகழ்ச்சியை அமர்த்தினால், இப்பகுதியைச் சுருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழக ஆட்டங்கள் பற்றிய பகுதி அவசரமாகப் போயிற்று. பிரான்சின் போர்தோ கழகத்துக்காக 2020-21 பருவத்தில் 22 கோல்கள் போட்டு அந்நாட்டு மகளிர் லீக்கின் அதிக கோல் வீராங்கனையானது, 2021 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கழகத்துக்குச் சென்றது, பிறகு அந்தக் கழகத்தின் மகளிர் அணிக்காக அதிக கோல்கள் போட்டவரானது எல்லாம் சில படங்களில் முடிந்தன. 2023-24 பருவம் இதைவிட நிதானமாகச் சொல்லப்பட வேண்டியது. அந்தப் பருவத்தில் ஷோ இங்கிலாந்து மகளிர் லீக்கில் 21 கோல்கள் போட்டு முதலிடத்தில் நின்றார். பருவம் முடியச் சில ஆட்டங்களே இருக்கும்போது பாதத்தில் காயப்பட்டு வெளியேறினார். அவர் இல்லாத ஆட்டத்தில் சிட்டி முன்னிலையில் இருந்தும், கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் வாங்கி ஆர்சனலிடம் 2-1 என்று தோற்றது. இறுதியில் செல்சி கழகமும் சிட்டியும் 55 புள்ளிகளுடன் சமமாக நின்றன. கோல் வித்தியாசத்தில், அதாவது போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்த கணக்கில், செல்சி கிண்ணத்தைக் கொண்டுபோனது. அதே ஆண்டு இங்கிலாந்தின் உதைபந்தாட்ட எழுத்தாளர்களும் சக தொழில்முறை வீராங்கனைகளும் தனித்தனியே வழங்கும் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுகள் இரண்டும் ஷோவுக்குக் கிடைத்தன. ஒரு பருவத்துக்குள் இவ்வளவும் நடந்திருக்கும்போது, விருது வாங்கும் படத்தை மட்டும் காட்டிக் கடந்துபோனது பெரிய இழப்பு. காயம் என்றால் என்ன, காயப்பட்டவர் எப்போது நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எமது பிள்ளைகள் கணுக்கால் வீங்கியிருக்கும்போதும் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடுபவர்கள்.

தொழில்நுட்பக் குறைகள் சில உண்டு. ஜெனரேற்றரை வானுக்குப் பக்கத்திலேயே வைத்ததால் அதன் இரைச்சல் பின்வரிசைக்குக் கதையை விழுங்கியது. நீளமான வயர் ஒன்று இருந்தால் மைதானத்தின் மறுகரையில் வைத்திருக்கலாம். காணொளிகளில் உள்ள ஆங்கில வர்ணனைக்குத் தமிழ் வரிகள் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் எழுத்துச் சிறியது. பாயில் இருப்பவர்களுக்கு முன்னால் இருப்பவர்களின் தலை அதை மறைத்துவிடுகிறது. வரிகளைத் திரையின் மேற்பகுதிக்குக் கொண்டுபோனாலே போதும். தொடக்கம் ஆறரை என்று சொல்லி ஏழே காலுக்குத் தொடங்கியதால், தூரத்திலிருந்து வந்த பிள்ளைகளை அனுப்பும்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. யானை நடமாட்டம் உள்ள வீதிகளில் இது சிறிய விடயம் அல்ல. இயலுமானால் பாடசாலை மண்டபத்தில் யன்னல்களை மறைத்துவிட்டுப் பகலில் நடத்தச் சொல்லுங்கள். பகல் நிகழ்ச்சிக்கும் அவர்கள் சம்மதிக்கிறார்கள், கட்டணமும் அதேதான்.

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கை பொருந்தாது. இரண்டு மணித்தியாலம் அவர்கள் இருக்கவும் மாட்டார்கள். தரம் எட்டுக்கு மேற்பட்டவர்களுக்கும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் தாய்மாருக்கும் தயங்காமல் அமர்த்தலாம். தாய்மாரை அழைப்பதை விட்டுவிடாதீர்கள். எமது கிராமத்தில் நல்ல கேள்விகள் அவர்களிடமிருந்தே வந்தன, நிகழ்ச்சி முடிந்த பிறகு பயிற்சிக்கு அனுப்ப மறுத்துவந்த இரண்டு வீடுகள் சம்மதித்ததும் அதனால்தான். பாடசாலை விடுமுறைக் காலத்தில் அவர்களுக்கு ஓய்வில்லை, ஆகையால் ஒரு மாதத்துக்கு முன்பே திகதியைச் சொல்லிவைப்பது நல்லது. புதிய வாழ்க்கையொன்றைத் தயாரிக்க விருப்பம் கேட்டார்கள். ஹெயிட்டியின் உதைபந்தாட்ட வீராங்கனை மெல்சி டுமொர்னேயைச் சொல்லியிருக்கிறேன். 2023 பெப்ரவரியில் சிலிக்கு எதிரான ஆட்டத்தில் தம் அணியின் இரண்டு கோல்களையும் போட்டு, தம் நாட்டை முதன்முறையாக மகளிர் உலகக் கிண்ணத்துக்குக் கொண்டுசென்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. எமது அணியின் மூத்த பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான்.